கடிதம் வந்த கரை, வராத கரை

சீமையை விட்டுப் போன சிப்பாய்கள் – 11

1944 மார்ச் மாதக் கடைசியில் இம்பாலுக்குப் போகும் சாலை அறுந்தது. திமாப்பூரில் தொடங்கி கோஹிமா மலையேறி மணிப்பூர்ச் சமவெளிக்கு இறங்கும் ஒற்றைச் சாலை அது. ஜப்பானியப் படை அதை மறித்து உட்கார்ந்துகொண்டது. உள்ளே பிரிட்டிஷ் தரப்பில் ஒன்றரை லட்சம் பேர். ஜூன் 22 அன்று சாலை மறுபடி திறக்கும்வரை அவர்கள் உயிர் பிழைத்தது வானத்து வழியாகத்தான். அரிசி, கோதுமை மாவு, பெட்ரோல், துப்பாக்கிக் குண்டு எல்லாம் விமானத்தில் வந்து இறங்கின. அந்த மூன்று மாதச் சரக்குக் கணக்கில் ஓர் இனம் நம்மை நிறுத்தி வைக்கிறது: 12,000 பை தபால்.

முற்றுகையில் சிக்கிய படைக்கு ஒவ்வொரு ராத்தல் எடையும் உயிர்க்கணக்கு. ஒரு பை கடிதம் ஏற்றினால் ஒரு பை தானியம் குறையும். அது தெரிந்தும் 12,000 பைகளை ஏற்றினார்கள். அதே விமானங்கள் திரும்பும்போது காயம்பட்டவர்களும் நோயாளிகளுமாக ஏறத்தாழ 13,000 பேரை வெளியே கொண்டுபோயின. கடிதம் உள்ளே வந்த வழியிலேயே நோயாளி வெளியே போனான். மருந்தும் மடலும் ஒரே கணக்கில் வைக்கப்பட்ட இடம் போர்முனை.

சென்ற வாரம் நம் ஆட்கள் பட்டாளத்தில் பெயர் கொடுத்த கதையைப் பார்த்தோம். சென்னை மாகாணத்துக்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்று சொல்லி 1920களில் மெட்ராஸ் ரெஜிமென்டையே கலைத்த அரசு, இரண்டாம் உலகப் போர் முற்றியதும் அதே ரெஜிமென்டைத் திரும்ப எழுப்பியது. திருச்சி, தஞ்சை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்தும் நடுவில் கிடந்த நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் இளைஞர்கள் கிளம்பினார்கள். கண்மாய் வற்றிய வருஷங்களில் பட்டாளத்துச் சம்பளம் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதற்கு வழி. இந்த வாரம் அவர்கள் போய்ச் சேர்ந்த முகாமுக்குள் போவோம். அங்கே அவர்களை உயிரோடு வைத்திருந்த இரண்டு விஷயங்களைப் பற்றிப் பேசுவோம்: ஆஸ்பத்திரி, தபால்.

குண்டைவிடப் பெரிய எதிரி

பர்மா முனையில் சிப்பாயைச் சாய்த்தது பெரும்பாலும் கொசு. பிரிட்டிஷ் 14ஆம் படையின் தளபதி வில்லியம் ஸ்லிம் தம் போர் நினைவுகளில் கொடுக்கும் கணக்கு இது: 1943இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒருவனுக்கு 120 பேர் நோயால் வெளியேற்றப்பட்டார்கள். மலேரியா மட்டும் ஆண்டுக்குப் படையின் பலத்தில் 84 சதவீதத்தினரைப் பிடித்தது. அதற்குப் பின்னால் வயிற்றுக்கடுப்பு, உண்ணிக் காய்ச்சல், அட்டை கடித்த இடம் அழுகிக் காலையே தின்னும் காட்டுப் புண்.

குளிர்காய்ச்சலுக்கு மருந்து கொய்னா என்பது நம் பாட்டிமாருக்கும் தெரியும். ஆனால் உலகத்துச் சிங்கோனாப் பட்டையில் மிகப் பெரும்பகுதி ஜாவாவில் விளைந்தது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. நீலகிரியில் நடுவட்டம், ஆனைமலையில் இன்றைக்கும் சிங்கோனா என்றே பெயர் தாங்கி நிற்கும் ஊர் ஆகியவற்றின் தோட்டங்கள் சென்னை மாகாணத்திடம் இருந்தன. பல லட்சம் பேர் கொண்ட படைக்கு அந்த விளைச்சல் எந்த மூலைக்குப் போதும்? அப்படித்தான் மெபாகிரின் என்ற மாத்திரை வந்தது. மஞ்சள் நிறம், கடுங்கசப்பு. தினம் ஒன்று விழுங்கினால் சில வாரங்களில் தோலும் மஞ்சளாகிவிடும். ஆண்மை போய்விடும் என்ற வதந்தி முகாமெங்கும் பரவியது. சிப்பாய்கள் மாத்திரையை நாக்கின் அடியில் ஒளித்துத் துப்பினார்கள். ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்தார். ஒரு பட்டாளத்தில் மாத்திரை விழுங்கியோர் 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதன் தலைமை அதிகாரியைப் பதவியிலிருந்து இறக்கினார். மூன்று அதிகாரிகள் இறங்கியதும் மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

அடுத்த மாற்றம் இன்னும் முக்கியமானது. அதுவரை மலேரியா கண்டவனை லாரியிலும் ரயிலிலும் படகிலும் ஏற்றி நூற்றுக்கணக்கான மைல் பின்னால் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவன் திரும்பிவர ஐந்து மாதமாவது ஆகும். பலர் திரும்பவே மாட்டார்கள். இப்போது சண்டை நடக்கும் இடத்துக்குச் சில மைல் பின்னாலேயே, மூங்கில் கட்டில் போட்ட கூடாரங்களில் மலேரியாச் சிகிச்சை முகாம்கள் எழுந்தன. காய்ச்சல் கண்ட 24 மணி நேரத்துக்குள் படுக்கை. மூன்று வாரத்தில் மறுபடி அணிக்கு. பெருங்காயம் பட்டவனுக்கு வேறு வழி. தூக்குக் கட்டிலில் முதலுதவி இடம், அங்கிருந்து கட்டுக்கட்டும் நிலையம், பிறகு அறுவைச் சிகிச்சைக் கூடாரம், கடைசியில் விமானத்தில் குமில்லா, டாக்கா, ராஞ்சி ஆஸ்பத்திரிகள். வயிற்றுக்கடுப்புக்கு சல்ஃபா மருந்து, போர் முடிகிற காலத்தில் பென்சிலின்.

இந்த ஏற்பாட்டைச் சுமந்தவர்கள் இந்தியர்கள். 1943 ஏப்ரல் 3 அன்று பல பிரிவுகளை ஒன்றாக்கி இந்திய ராணுவ மருத்துவப் படை உருவாயிற்று. சேற்றுச் சரிவில் தூக்குக் கட்டிலைத் தோளில் சுமந்தவனும், இரவு முழுக்க ஹரிக்கேன் வெளிச்சத்தில் கட்டு மாற்றியவனும் அந்தப் படையின் சாதாரணச் சிப்பாய்கள். பதக்கப் பட்டியலில் அவர்கள் பெயரைத் தேடினால் கொஞ்சமே கிடைக்கும். பிழைத்து ஊர் திரும்பியவர்களின் உடம்பே அவர்களுக்குக் கிடைத்த பதக்கம்.

கூடாரத்தில் எழுதிய கடிதம்

கட்டிலில் படுத்தவனுக்கு இரண்டாவது மருந்து தேவைப்பட்டது. வீட்டில் என்ன நடக்கிறது?

சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. ராணுவம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது ரோமன் எழுத்தில் எழுதிய உருது. அணிவகுப்புக்கு அது போதும். அம்மாவுக்கு எழுத அது உதவாது. தமிழ் எழுதத் தெரிந்த தோழன் ஒருவன் இருந்தால் அவன் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் கூடும். பெரிய ஆஸ்பத்திரிகளில் செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்களும் உள்ளூர்ப் பெண்களும் நோயாளி சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தார்கள். தலைப்பில் பிள்ளையார் சுழியோ, சிலுவையோ, 786ஓ. பிறகு நலம், நலமறிய அவா. பிறகு ஊரில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் முறை சொல்லி விசாரிப்பது. ஒரு தாளில் முக்கால் பங்கு அதிலேயே தீர்ந்துவிடும். அதைச் சடங்கு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. குலாம்பட்டு மாமாவையும் தெற்குத்தெரு அத்தையையும் பெயர் பெயராக விசாரிக்கும்போது, காட்டுக் கூடாரத்தில் கிடப்பவன் தன் ஊருக்குள் ஒரு தடவை நடந்து வருகிறான்.

முகவரியில் இடம் இருக்காது. சிப்பாயின் எண், பெயர், பட்டாளம், ராணுவத் தபால் நிலையத்தின் எண் அவ்வளவே. மகன் அசாமில் இருக்கிறானா அரக்கானில் இருக்கிறானா என்பது திருமயத்துத் தாய்க்குத் தெரியாது. எந்த மலை, எந்த ஆறு, எத்தனை பேர் என்று எழுதிவிட்டால் தணிக்கையாளர் அதை மையால் அழிப்பார் அல்லது கத்தரித்து எடுப்பார். நடுவில் சன்னல் வெட்டியதுபோல் ஓட்டை விழுந்த தாள் வீட்டுக்கு வரும். ஆஸ்பத்திரியில் இருப்பவன் தன் நோயைப் பற்றி எழுதுவதிலும் தயங்கினான். தணிக்கை ஒரு காரணம், அம்மா பதறிவிடுவாள் என்பது பெரிய காரணம். உடம்பு சௌக்கியம் என்ற இரண்டு சொல்லுக்குள் எத்தனை காய்ச்சல் மறைந்து போயிருக்கும்!

தணிக்கை அலுவலகம் கடிதங்களை வெட்டியதோடு நிற்கவில்லை. இந்திய மொழிகளில் எழுதிய கடிதங்களிலிருந்து பகுதிகளை எடுத்து, சிப்பாய்களின் மனநிலை பற்றி மேலிடத்துக்கு அறிக்கை தயாரித்தது. அந்த அறிக்கைகளில் 1943 முதல் திரும்பத் திரும்ப வந்த செய்தி எதிரியைப் பற்றியது அல்ல. வீட்டில் தானியம் கிடைக்கவில்லை, விலை ஏறிவிட்டது, அனுப்புகிற பணம் போதவில்லை என்பதே அது. பர்மா அரிசி வருவது நின்றுபோன காலம். வங்காளத்தில் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்ற ஆண்டு. நம் சீமையிலும் அரிசிக்கு ரேஷன். மாதம் பிறந்தால் சம்பளத்தில் ஒரு பகுதி குடும்பத்துக்குப் பிடித்து மணியார்டராகப் போகும். மணியார்டர் வந்ததா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காத சிப்பாய்க்கு மெபாகிரின் மட்டும் கொடுத்தால் குணமாகுமா? தளபதிகளுக்கு இது புரிந்திருந்தது. முற்றுகைக்குள்ளும் தபால் பை வந்ததன் காரணம் அதுவே. இரக்கமும் இருந்திருக்கலாம். ஆனால் கடிதம் வராத படை சண்டை போடாது என்ற அனுபவம் அதைவிட உறுதியான காரணம்.

ஐராவதியின் அந்தக் கரை

இதுவரை சொன்னது ஒரு கரையின் கதை. நம் சீமைக்கு இன்னொரு கரையும் உண்டு.

புதுக்கோட்டை, ராமநாதபுரம், திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்கள் பல்லாயிரம் பேர். ராயவரம், அரிமளம், பொன்னமராவதி வட்டகைகளின் நகரத்தார் வீடுகளிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடைக்கணக்குப் பார்க்கப் போனவர்கள் தனி. கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் கரையோர முஸ்லிம் ஊர்களில் அக்கரைக்குப் போய் வருபவர் இல்லாத தெரு கிடையாது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அன்றோடு அங்கிருந்து வந்துகொண்டிருந்த தபாலும் மணியார்டரும் நின்றன.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில், ஜப்பானியர் பக்கம் நின்று பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தின் பொறுப்பை ஏற்றார். சரணடைந்த பழைய சிப்பாய்களோடு, தோட்டத்து மரம் சீவிய கையோடு தமிழ் இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். ஒரு நாள்கூட இந்திய மண்ணை மிதிக்காதவர்களும் அவர்களில் உண்டு. அப்படிச் சேர்ந்த தமிழர்கள் அதிகம் இருந்த நேரு பிரிகேட் 1945 பிப்ரவரியில் பர்மாவின் ஐராவதி ஆற்றின் கிழக்குக் கரையில், பகான் – நியாங்கு பகுதியில் நின்றது. எதிர்க்கரையில் 14ஆம் படை. பிப்ரவரி 14 அன்று அந்தப் படை ஆற்றைக் கடந்தது. கிழக்குக் கரைக்காரர்களிடம் கனரக ஆயுதம் இல்லை, தலைக்கு மேல் விமானம் இல்லை. சிலர் சரணடைந்தார்கள், மற்றவர்கள் போப்பா மலைக்குப் பின்வாங்கினார்கள்.

அந்தக் கரையின் மருத்துவத்தைப் பார்த்தால் மனம் கனக்கிறது. ஜாவாவின் சிங்கோனா ஜப்பானியர் கையில் இருந்தது. ஆனால் அதைக் காட்டுக்குள் கொண்டுவர லாரியும் இல்லை, விமானமும் இல்லை, மழைக்குத் தாங்கும் சாலையும் இல்லை. உலகத்துக் கொய்னாவையெல்லாம் பிடித்து வைத்திருந்த பக்கத்தில் சிப்பாய் கொய்னா இல்லாமல் செத்தான். 1944 இம்பால் தோல்விக்குப் பிறகு தேசிய ராணுவம் பின்வாங்கியபோது, மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பட்டினியும் குண்டைவிட அதிகம் பேரை வாரிக்கொண்டன.

அந்த வறுமைக்குள்ளும் ஆஸ்பத்திரி நடத்தியவர்கள் உண்டு. பர்மாவின் மேமியோ மலைநகரில் இருந்த தேசிய ராணுவ ஆஸ்பத்திரிக்கு, அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையினர் போனார்கள். முன்னேறும் படையோடு இந்தியாவுக்குள் நுழைவோம் என்று துப்பாக்கிப் பயிற்சி எடுத்தவர்கள் அவர்கள். வந்து சேர்ந்ததோ நூற்றுக்கணக்கில் எலும்பும் தோலுமான நோயாளிகள். பெண்கள் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கட்டுத்துணியை எடுத்தார்கள். தோட்டத்து லயத்தில் பிறந்து பள்ளிக்கூடம் பார்க்காத தமிழ்ப் பெண்களும் அங்கே சீழ்ப் புண் கழுவினார்கள், கஞ்சி ஊட்டினார்கள். இருக்கிற துணியைக் கொதிக்க வைத்துத் திரும்பக் கட்டினார்கள்.

அவர்களின் தலைவி கேப்டன் லட்சுமி, சென்னையில் 1914இல் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றவர். 1940இல் சிங்கப்பூர் போய் ஏழைத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தவர். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் பெற்றுப் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் தேறிய நிகழ்ச்சியை இந்தத் தொடரைப் படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் ஊர்ப் பெண் தேறி வெளியே வந்த அதே கல்லூரி வாசல் வழியாகத்தான் 26 ஆண்டுக்குப் பிறகு லட்சுமியும் வெளியே வந்து, பின்னர் பர்மாக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். 1945இல் பின்வாங்கும்போது அவர் நோயாளிகளை விட்டுப் போகவில்லை. பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டு 1946 மார்ச்சில்தான் இந்தியா திரும்பினார்.

இன்னொரு தமிழ் மருத்துவரையும் சொல்ல வேண்டும். ஏ.டி. லோகநாதன் இந்திய மருத்துவப் பணியில் லெப்டினன்ட் கர்னலாக இருந்து தேசிய ராணுவத்தில் மேஜர் ஜெனரல் ஆனவர். 1945 ஏப்ரல் இறுதியில் ஜப்பானியர் ரங்கூனை விட்டு ஓடியபோது, சில ஆயிரம் வீரர்களுடன் நகரத்தில் தங்கிக் கொள்ளையும் கொலையும் நடக்காமல் காத்தார்.

இந்தக் கரையில் கடிதம் கிடையாது. மேமியோவில் படுத்த இளைஞன் சொல்ல, யாராவது எழுதியே கொடுத்தாலும் அதை எந்தப் பையில் போடுவது? அவன் தாய் இருப்பது எதிரியின் எல்லைக்குள். செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக 25 சொல்லுக்குள் செய்தி அனுப்பும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அதைப் பற்றிக் கேள்விப்படவே தோட்டத் தொழிலாளிக்கு வாய்ப்பு குறைவு. சிங்கப்பூரிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் தமிழிலும் வானொலி ஒலித்தது. ரேடியோப் பெட்டி இருந்த வீடு நம் சீமையில் எத்தனை?

ஒரே திண்ணை

இப்போது இந்தப் பக்கம் வாருங்கள். ஒரு திண்ணையை நினைத்துக்கொள்வோம். பெரியவன் பட்டாளத்தில், சின்னவன் மலாயாவில். அப்படிப்பட்ட குடும்பங்கள் நம் மாவட்டத்தில் அபூர்வம் இல்லை. பெரியவனிடமிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் ஓட்டையோடாவது வருகிறது. தபால்காரர் கொடுக்க, பள்ளிக்கூடத்து வாத்தியார் படிக்கிறார். தாய் திரும்பப் படிக்கச் சொல்கிறாள். சின்னவன் பெயர் சொல்லித் தபால்காரர் மூன்றரை ஆண்டாகக் கூப்பிடவே இல்லை. இருவரும் ஒரே ஆற்றின் இரு கரையில் நிற்கக்கூடும் என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை.

போர் முடிந்து 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் மலாயாவுக்குத் திரும்பிய பின்பே கடல் கடந்த தபால் மெல்ல உயிர் பெற்றது. சில வீடுகளுக்குக் கடிதம் வந்தது. சில வீடுகளுக்கு, பக்கத்துத் தோட்டத்து ஆள் ஊர் திரும்பி வாய்ச்செய்தி சொன்னார். ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்கள், தேசிய ராணுவத்தோடு வடக்கே போனவர்கள் என்று பலர் வீட்டுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. அங்கே பெண்கள் பொட்டை அழிப்பதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் வயதானார்கள்.

பிரிட்டிஷ் பட்டாளத்தில் இறந்தவனுக்குத் தந்தி வந்தது. காணாமல் போனவனுக்கும் ‘காணவில்லை’ என்று ஒரு தாள் வந்தது. குடும்பத்துக்குப் பென்ஷனும், இம்பாலிலோ ரங்கூனுக்கு அருகே தௌக்கியானிலோ கல்லில் ஒரு பெயரும் கிடைத்தன. தேசிய ராணுவமோ பின்வாங்கும்போது தன் ஏடுகளில் பெரும்பகுதியை எரித்துவிட்டது. எதிரி கையில் சிக்கினால் குடும்பங்களுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் அதற்கு இருந்தது. ஆனால் 1972இல் மத்திய அரசு சுதந்திரப் போராட்ட வீரர்களுக்குப் பென்ஷன் அறிவித்தபோது அந்தச் சாம்பல்தான் குறுக்கே வந்தது. சிறைச் சான்றிதழ் கொண்டுவா, கூட இருந்தவர் கையெழுத்து கொண்டுவா என்றார்கள். முப்பது ஆண்டுக்கு முன் காட்டுக் கூடாரத்தில் கூடப் படுத்தவனை எங்கே போய்த் தேடுவது? அன்று ஒரு கடிதம், ஒரே ஒரு கடிதம் எழுதிப் போட வழி இருந்து, அது ஊர் வந்து சேர்ந்து, தாய் அதைத் தகரப்பெட்டியில் வைத்திருந்தால் அதுவே சான்றாகியிருக்கும்.

மருந்து ஒருவனைப் பிழைக்க வைக்கிறது. கடிதம் அவன் பிழைத்திருந்தான் என்பதை உலகத்துக்குச் சொல்கிறது. ஒரு கரையில் நம் பிள்ளைகளுக்கு இரண்டும் கிடைத்தன. மறு கரையில் இரண்டும் கிடைக்கவில்லை. வரலாறு எழுதும்போது முதல் கரைக்கு ஏடு இருக்கிறது, படம் இருக்கிறது, கல்லறைப் பெயர் இருக்கிறது. இரண்டாம் கரைக்கு, அதைக் கேட்டு வளர்ந்தவர்களின் வாய்மொழிதான் மிச்சம். பரணில் ராணுவத் தபால் முத்திரை குத்திய உறை கிடந்தால் அதைச் சுருட்டிப் போடாமல் தட்டையாக வையுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். மலாயாவிலிருந்து வராமல் போன தாத்தாவைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். எழுதப்படாத அந்தக் கடிதத்துக்கு நம்மால் செய்ய முடிந்த மாற்று அதுதான்.

(அடுத்த வாரம்: சயாம் ரயில் பாதையில் தமிழ்க் கூலிகள் – காலரா முகாம்களின் கதை)